மாமாவை வெயிலில் வைத்த ஆண்டு

காலை எட்டு மணி நாற்பது. படம் பதிகிற மரச் சட்டத்தின் பின்பலகையில் ஒரு பாதியைத் திறந்து, தாளின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். முதலில் தெரிந்தது மாமியின் சேலைக் கரை. அடுத்து அவர் இருந்த கதிரையின் கைப்பிடி. அதற்குப் பின்னால் சீலையில் வரைந்து தொங்கவிட்டிருந்த தூண். பக்கத்தில் நின்றவரின் கோட்டு கரியைப்போல வந்திருந்தது. கோட்டுக்கு மேலே முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள் இருந்தது.

பலகையை மூடிச் சட்டத்தைத் திரும்ப வெயிலில் வைத்தேன். இடம் உருத்திரபுரம், மாமியின் வளவில் கிணற்றடியிலிருந்த உடுப்புத் தோய்க்கும் கல். மாதம் பங்குனி. வெயிலுக்குக் குறைவில்லை. மறுபடி திறந்தபோது சேலைக் கரையும் கோட்டைப்போலவே கறுத்திருந்தது. முகம் வரவேயில்லை. கொட்டிலுக்குள் கொண்டுபோய்க் கழுவியபோது இருந்த கோட்டும் மங்கி, கஞ்சியில் கரி விழுந்ததுபோல ஆகிவிட்டது. அது என்னுடைய முதல் படம்.

அறுபதுகளின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் கிளிநொச்சியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். குளம் நிரம்பி வான் பாய்ந்தது, யானை வேலியை உடைத்தது, நெல் ஏற்ற லொறி வரவில்லை என்பவைதான் என் செய்திகள். படம் அச்சிடுவது என் வேலையில்லை. அதில் எனக்கு ஆசையும் இருந்ததில்லை. மாமா, அதாவது என் மனைவியின் தகப்பன், அந்தப் பங்குனிக்கு முந்திய மார்கழியில் வயல் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். அவருடைய முகம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. கலியாணத்துக்கு யாழ்ப்பாணத்தில் எடுத்த படத்தின் கண்ணாடித் தகட்டில்.

அந்தத் தகடு வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. படம் எடுத்தவர் தொழிலை விட்டபோது பழைய தகடுகளைச் சட்டம் போடுகிற கடைகளுக்குக் கொடுத்தார். அவர்கள் மருந்தைச் சுரண்டி எறிந்துவிட்டு வெறும் கண்ணாடியாகப் பாவிப்பார்கள். மாமா கேள்விப்பட்டுப் போய்த் தன்னுடையதை மட்டும் வாங்கி வந்தார். காகிதத்தில் இருந்த படத்தை, காடு வெட்டிக் குடியேறிய முதல் மழைக்காலத்திலேயே கறையான் தின்றுவிட்டது. பிறகு அவர் படம் எடுக்கவில்லை. நெல் வெட்டுக் காலத்தில் நேரமில்லை. மற்றக் காலத்தில் காரணமில்லை.

செத்தவீடு முடிந்தபின் மாமி அந்தத் தகட்டையே சாமியறையில் சாத்தி வைத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தால் அதில் முகம் கறுப்பாகவும் கோட்டு வெளிறலாகவும் தெரியும். தினமும் காலையில் தகட்டின் வழுவழுப்பான பக்கத்தில், அந்தக் கறுப்பு முகத்தின் நெற்றியைத் தேடிப் பிடித்து, ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். ஒரு வருடம் நிறைகிற ஆட்டைத் திவசத்துக்கு இனசனம் வரும். அன்றைக்கு மாலை போட ஒரு மனித முகம் வேண்டும். அதைத்தான் என்னிடம் கேட்டார்.

“தம்பி, நீங்கள் பேப்பர்காரர். படம் அடிக்கிற இடமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்.”

எனக்குத் தெரிந்த இடம் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரு ஸ்ரூடியோ. தகட்டைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். ஸ்ரூடியோக்காரர் இரண்டு படம் அடித்துக் காட்டினார். ஒன்றில் கோட்டின் பொத்தான் வரைக்கும் துலக்கம். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். மற்றதில் முகம் வந்தது. உடம்பு இருட்டில் மறைந்து, வெட்டிவைத்த தலை மாதிரி இருந்தது. தகடு பிழையில்லை என்றார். பழைய காலத்தில் வெயிலில் வைத்துப் பதிகிற தாளுக்காகவே தகட்டில் கறுப்பு அப்படித் தடிப்பாக விழ எடுப்பார்களாம். இப்போது வருகிற தாள் அதைத் தாங்காது.

“முகம் வேணுமெண்டால் உடம்பு போகும். உடம்பு வேணுமெண்டால் முகம் போகும்,” என்றார். “மாமியிட்டை எது வேணுமெண்டு கேட்டுக்கொண்டு வாருங்கோ.”

இரண்டும் வேண்டும் என்றேன். அவர் மேல்தட்டிலிருந்து மட்டை கழன்ற ஒரு ஆங்கிலக் கைந்நூலை எடுத்துத் தந்தார். வெயில் தாளை வீட்டிலேயே செய்கிற முறை அதில் இருந்தது. தனக்கு அது உதவாது என்றும் திருப்பித் தரவேண்டியதில்லை என்றும் சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குச் சித்திரையில்தான் விளங்கியது.

முறை சொல்வதற்கு எளிது. தாளை உப்புத் தண்ணீரில் தோய்த்துக் காயவிட வேண்டும். பிறகு இருட்டில் வைத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைப் பூச வேண்டும். காய்ந்ததும் தகட்டின் கீழ் வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் தானாகவே கறுக்கும். கறுத்த இடம் தன் கறுப்பாலேயே மேலும் வெயிலை மறித்துக்கொள்ளும். ஆகவே கோட்டு ஒரு மட்டத்தில் நின்றுவிட, முகம் மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளும். கடைசியில் ஹைப்போக் கரைசலில் போட்டுக் கழுவினால் படம் நிலைக்கும். நூலில் இது ஒன்றரைப் பக்கம்.

அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதியவர் உருத்திரபுரத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர் அல்ல. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரமே நுரைக்காது. அதில் வெள்ளி நைத்திரேற்றைப் போட்டதும் மோர்போலக் கலங்கி, அடியில் வெள்ளைச் சேறு படிந்தது. தண்ணீரில் இருந்த உப்பு, தாளுக்குப் போகவேண்டிய வெள்ளியைச் சட்டிக்குள்ளேயே பிடித்துக்கொண்டது. முதல் படம் கஞ்சியாய்ப் போனது அதனால்தான். அது விளங்குவதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கிவந்த மருந்தில் பாதி முடிந்துவிட்டது.

வாய்க்கால் தண்ணீரும் கலங்கியது. கிளிநொச்சியில் வாகனம் திருத்துகிற கராச்சில் பற்றரிக்கு விடுகிற தண்ணீர் ஒரு போத்தல் கேட்டு வாங்கினேன். அது கலங்கவில்லை. ஆனால் அந்தப் போத்தலில் முன்பு அசிட் இருந்திருக்கிறது; பூசிய தாள் காய்ந்ததும் மடித்த இடத்தில் அப்பளம்போல நொறுங்கியது. மல்லாவிக்கு ஒரு செய்திக்காகப் போனபோது அங்கே நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு என்றார்கள். ஒரு போத்தல் அள்ளி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, ஒரு துளி மருந்து விட்டுப் பார்த்தேன். மோர்.

கொட்டில் இன்னொரு தொல்லை. உரமூட்டை வைக்கிற இடம் அது. வாசலுக்குச் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தேன். சித்திரை வைகாசியில் அதற்குள் நின்று தாளுக்கு மருந்து பூசினால் மூக்கு நுனியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வியர்வை சொட்டும். வியர்வையும் உப்புத்தான். சொட்டு விழுந்த இடமெல்லாம் படத்தில் வட்டவட்டமாகக் கறை வந்தது. கைந்நூலில் ‘காணப்படும் குறைகளும் காரணங்களும்’ என்று ஒரு அதிகாரம் இருந்தது. வியர்வையைப்பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மருந்து பட்ட விரல் வெயிலுக்குப் போனதும் கறுக்கும். தோல் உரிந்தால்தான் போகும். அந்தக் கையோடுதான் அரசாங்கக் கச்சேரிக் கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பெடுத்தேன். அடுத்த காணிக்காரர் கோழி வளர்ப்பவர். வேலிக்கு மேலால் தலையை நீட்டாமல் அவருக்கு ஒரு நாள் போகாது.

“என்ன நிருபர், எல்லாரும் பாலைப்பழம் தின்னுற காலத்திலை உமக்கு மட்டும் எங்காலை நாவல்பழம்?”

படம் அடிக்கிறேன் என்றேன்.

“ஆரின்ரை படம்?”

சொன்னேன். அவர் கிணற்றடிக் கல்லில் இருந்த சட்டத்தை எட்டிப் பார்த்தார்.

“மனிசன் உயிரோடை இருக்கேக்கை வெயிலிலை நிண்டது போதாதெண்டே, செத்தாப்பிறகும் பிடிச்சு வெயிலிலை வைச்சிருக்கிறீர்?”

ஒவ்வொரு முறையும் தகட்டைச் சாமியறையிலிருந்து எடுத்துவர வேண்டும். அதில் அன்றைய சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் தோய்த்த துணியால் அதைத் துடைத்துவிட்டே சட்டத்தில் பூட்டுவேன். மாமி கதவடியில் நின்று பார்ப்பார். மாலையில் தகட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தால் மறுநாள் புதிய பொட்டு இருக்கும். ஏன் துடைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் விளக்கம் சொல்லவில்லை.

ஆடியில் யாழ்ப்பாணத்து மருந்துக்கடைக்காரர் ஒரு போத்தல் காய்ச்சி வடித்த தண்ணீர் தந்தார். மருந்து அதில் பளிங்குபோலக் கரைந்தது. தாளும் மாற்றினேன். பள்ளிக்கூடச் சித்திரத் தாளை விட்டு, காணி உறுதி எழுதுகிற தடித்த தாளை நொத்தாரிசிடம் வாங்கினேன். இப்போது முகம் வந்தது. வந்தது என்றால், பனிக்குள் நிற்கும் ஒருவரைத் தூரத்தில் கண்டதுபோல வந்தது. படம் தாளின் மேல் நிற்காமல் நாருக்குள் இறங்கிவிடுகிறது, அதற்கு முதலில் தாளில் ஒரு பசை பூச வேண்டும் என்றது நூல். சிறந்த பசை கோழிமுட்டையின் வெள்ளைக்கரு.

மாமி வீட்டுக் குசினிக்குள் முட்டை போனதில்லை. மாமா வயல் செய்கிற கமக்காரர், ஆனால் மச்ச மாமிசம் தொடாதவர், கலியாணவீடுகளில்கூடச் சைவப் பந்தி பார்த்தே இருப்பவர். மனைவியிடம் ஒரு கிண்ணம் கேட்டேன். அவள் எடுத்துத் தந்தாள். ஆனால் திருப்பிக் கொண்டுவர வேண்டாம், கொட்டிலோடு இருக்கட்டும் என்றாள். முட்டை அடுத்த காணியில் வாங்கினேன். ஈர்க்குக் கட்டால் அடிக்கிற சத்தம் வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும்.

“நிருபர், வீட்டிலை ஆருக்குக் காய்ச்சல்? இவ்வளவு முட்டை அடிக்கிறீர்,” என்று குரல் வந்தது.

வெள்ளைக்கருவில் உப்பைக் கரைத்து, நுரை அடங்கவிட்டு, தாளை அதன்மேல் மிதக்கவிட்டேன். காய்ந்தபின் மருந்து. பிறகு வெயில். அன்றைக்கு நான் சட்டத்தைத் திறந்து திறந்து பார்க்கவில்லை. எடுத்தபோது மாமா வந்திருந்தார். தலைப்பாகையின் மடிப்பு, ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருந்த மீசை, இடது காதுக் கடுக்கன், கோட்டின் மூன்று பொத்தான்கள். எல்லாம் கபிலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்தில், மினுக்கத்தோடு இருந்தன. அந்த ஆண்டில் நான் செய்ததில் குறை சொல்ல முடியாத ஒரே படம் அதுதான்.

மாமி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“கடுக்கன் தெரியுது,” என்றார்.

பிறகு தாளைச் சரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதென்ன தம்பி, இப்பிடி மினுங்குது? என்ன பூசினனீங்கள்?”

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என் தொழிற்பழக்கம். முட்டை வெள்ளை என்றேன்.

மாமி படத்தைச் சாமியறைக்குக் கொண்டுபோகவில்லை. வாசலில் இருந்த கதிரையில், விளிம்பில் பிடித்து, மெதுவாக வைத்தார்.

“இருக்கேக்கை தொடாததை, போனாப்பிறகு முகத்திலை பூசி வைச்சிருக்கிறியள்.”

கோபமாகச் சொல்லவில்லை. திரும்பிக் கிணற்றடிக்குப் போய் மறுபடி கை கழுவினார்.

எனக்கு வந்தது கோபம்தான். இரவு மனைவியிடம் சொன்னேன்: ஸ்ரூடியோவில் அடிக்கிற எந்தப் படத்தின் தாளிலும் ஒரு பசை இருக்கிறது, அது மாட்டின் எலும்பையும் தோலையும் அவித்து எடுப்பது, கைந்நூலிலேயே இருக்கிறது, சாமியறையில் இருக்கும் அவளுடைய பெரியப்பாவின் படமும் அதில் அடித்ததுதான். நாளைக்கு அம்மாவிடம் பக்கத்தைக் காட்டி வாசித்துச் சொல்லப்போகிறேன் என்றேன்.

அவள் பாயை விரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, “சொல்லிப்போடாதேங்கோ,” என்றாள். “சொன்னால் உங்கடை படத்தை ஏற்கமாட்டா. பெரியப்பாவையும் கழட்டிப்போடுவா.”

நான் சொல்லவில்லை. முட்டைப் படத்தை என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நூலில் மூன்றாவதாக ஒரு பசை இருந்தது. கூவைமா. பிள்ளைகளுக்கு வயிற்றுக்குத்துக்குக் காய்ச்சிக் கொடுக்கிற அதே மா. மாமியின் குசினியிலேயே ஒரு பேணி நிறைய இருந்தது. அதைக் கஞ்சியாகக் காய்ச்சித் தாளில் பூச வேண்டும். ஆனால் வடித்த தண்ணீர் முடிந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் இந்த முறை தரமாட்டேன் என்றார்; ஊசிமருந்து கலக்க ஆஸ்பத்திரிக்கே போதவில்லையாம். மழைத் தண்ணீரைப் பாவிக்கலாம் என்று நூல் சொன்னது. அது புரட்டாதி. வயலே புழுதியாகக் கிடந்தது. தண்ணீர் இல்லாத வெயில் இரண்டு மாதம் எனக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது.

ஐப்பசிக் கடைசியில் மழை தொடங்கியது. கிடுகுக் கூரையால் வடிந்தது தேத்தண்ணி நிறத்தில் இருந்தது, உதவாது. முற்றத்தின் நடுவில் பீங்கான் கோப்பைகளை வைத்து நேராக வானத்திலிருந்து பிடித்தேன். ஒரு துளி மருந்து விட்டேன். கலங்கவில்லை. போத்தல் போத்தலாக நிரப்பி வைத்தேன். இனி எல்லாம் இருந்தது, வெயிலைத் தவிர. கார்த்திகை முழுக்க வானம் சாம்பல் சட்டியைக் கவிழ்த்ததுபோலக் கிடந்தது. குளம் வான் பாய்ந்த செய்தியை எழுதி அனுப்பினேன். வெள்ளம் அறுத்த பாதை, நின்றுபோன பஸ், மேட்டுக்கு ஏறிய குடும்பங்கள் என்று நாள்தோறும் செய்தி இருந்தது. பூசிவைத்த தாள்கள் ஒவ்வொன்றாகக் கொட்டிலுக்குள் ஈரத்தில் மஞ்சளித்தன. மருந்து இரண்டு தாளுக்கு மிஞ்சியது. பிறகு ஒரு தாளுக்கு.

திவசத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் காலையில் வானம் வெளித்தது. நான் கடைசித் தாளைப் பூசி, தணல் சட்டிக்கு மேலே பிடித்து உலர்த்தினேன். தகட்டை எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, சட்டத்தில் பூட்டி, தோய்க்கிற கல்லில் வைத்தேன். அடுத்த காணிக் கோழிகள் மழை விட்ட சந்தோஷத்தில் வேலிக்குள்ளால் வந்து திரிந்தன. ஹைப்போவைக் கரைக்க நான் கொட்டிலுக்குப் போகவேண்டும்.

“மாமி, கோழி ஏறாமல் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ,” என்றேன்.

அவர் ஒரு பலகையைப் போட்டுச் சட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஒன்பது மணி இருபதுக்குத் திரும்பி வந்தபோது மேற்கே வானம் மறுபடி இருண்டுகொண்டிருந்தது. கல்லை நெருங்கியதும் முதலில் கண்டது கண்ணாடியின்மேல் மாமாவின் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டு. பெருவிரல் நுனியளவு. வெயிலில் காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. சந்தனத்தின் கீழ் வெயில் போகாது. வெயில் போகாத இடம் படத்தில் வெறும் தாளாகவே இருக்கும்.

“மாமி, இதை ஏன் வைச்சனீங்கள்?”

“வெளியிலை கொண்டந்து வைச்சிருக்கிறியள். வெறும் நெத்தியோடை எப்பிடி விடுறது?” என்றார். பிறகு, “ஒவ்வொருக்காலும் நீங்கள் துடைக்கேக்கை நான் பேசாமல்தான் நிண்டனான், தம்பி.”

நான் விரலால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். அந்த இடமும் முகத்தோடு சேர்ந்து பதிய இன்னும் அரை மணித்தியாலம் வெயில் வேண்டும். ஐந்து நிமிடத்தில் மழை வந்தது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினேன்.

கழுவி எடுத்த படத்தில் கோட்டு இருந்தது. பொத்தான்கள், மீசை, கடுக்கன், தலைப்பாகை எல்லாம் இருந்தன. முட்டைப் படத்தின் துலக்கம் இல்லை, ஆனால் ஆளைத் தெரிந்தது. புருவத்துக்கு மேலே தலைப்பாகை விளிம்புவரை வெள்ளையாக ஒரு வட்டம். தூரிகையால் நிறம் தொட்டு மறைக்கப் பார்த்தேன். அழுக்குப் பட்டதுபோலத் தெரிந்ததால் கழுவிவிட்டேன். மருந்து இல்லை. அன்றும் மறுநாளும் மழை விடவில்லை.

மாமியிடம் கொடுத்தேன். அவர் சரித்துப் பார்த்தார். மினுங்கவில்லை.

“இது முட்டை இல்லையே?”

“இல்லை மாமி. கூவைமா.”

“அப்ப சரி,” என்றார். “என்ரை பாதியை வெட்டிப்போடுங்கோ. உயிரோடை இருக்கிறவளுக்கு மாலை போடக்கூடாது.”

அடிமட்டம் வைத்து சவர பிளேற்றால் வெட்டினேன். பங்குனியிலிருந்து எல்லாப் படத்திலும் முதலில் வந்தது அந்தப் பாதிதான்; இந்தப் படத்தில் பிழையில்லாமல் வந்ததும் அதுதான். மனைவி அதை எடுத்து அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள்.

திவசத்தன்று மழை தூறிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஈரக் குடைகளை விறாந்தையில் சாத்திவிட்டு வந்து படத்தைப் பார்த்தார்கள். அடுத்த காணிக்காரர் கிட்டப்போய் நின்று பார்த்துவிட்டு, “மனிசன் கலியாணத்தண்டே இவ்வளவு திருநீறு பூசினவரோ?” என்றார். மாமி மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஐயர் வந்து சந்தனத்தைக் குழைத்து, மோதிர விரலால் எடுத்து, படத்துக்குப் போட்டிருந்த சட்டத்தின் கண்ணாடியில் மாமாவின் நெற்றிக்கு நேரே பொட்டு வைத்தார். வெள்ளை வட்டம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.